கிழமை லோனும் நெகேமியா ஐந்தாம் அதிகாரமும்: வேதப் பகுதியை ஊரோடு சேர்த்துப் பிரசங்கம் ஆயத்தம் செய்யும் முறை

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் ஞாயிறுதோறும் பிரசங்கிக்கிறவர்களில் கணிசமானோர் இறையியல் கல்லூரிக்குப் போனவர்கள் அல்லர். ஆசிரியர்மார், கச்சேரி உத்தியோகத்தர்கள், ஓய்வுபெற்ற அதிபர்கள் என்று வேறு வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமை இரவு வேதாகமத்தை விரித்துக்கொண்டு உட்காருகிறவர்கள். அவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். மெதடிஸ்த சபையில் பிரசங்கம், கத்தோலிக்கரிடம் மறையுரை, பெந்தெகொஸ்தே சபைகளில் செய்தி. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

கேட்கிற சனம் லேசுப்பட்டதல்ல. மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தது 1814இல். கத்தோலிக்கம் இங்கே அதற்கும் வெகு முந்தியது. தலைமுறை தலைமுறையாகப் பிரசங்கம் கேட்டுப் பழகிய காதுகள் இவை. வசனத்தையும் ஊர்ச் செய்தியையும் வலிந்து பொருத்தியிருந்தால், மூன்றாம் வாங்கில் இருக்கும் ஆச்சிக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நெகேமியா 5ஐ எடுத்து ஆரம்பம் முதல் கடைசிவரை கொண்டுபோகிறேன். சேர்க்கப்போகும் ஊர் விஷயம் நுண்கடன், அதாவது கிழமைக்குக் கிழமை தவணை கட்டும் சிறு கடன்; எங்கள் பெண்கள் கிழமை லோன் என்று சொல்வது. நான் பின்பற்றும் முறை இதுதான். பகுதிக்குள் அழுகிறவர் யார் என்று முதலில் பாருங்கள். பிறகு ஊருக்குள் அழுகிறவர் யார் என்று பாருங்கள். கடைசியில், அந்தப் பகுதிக்குள் நீங்களும் உங்கள் சபையும் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று கேளுங்கள். இந்த மூன்றாவது கேள்வியைத்தான் அநேகர் விட்டுவிடுகிறோம்.

திங்கள்: பகுதியைத் தெரிவுசெய்தல்

எந்த ஞாயிறு எந்தப் பகுதியை வாசிப்பது என்று குறித்துவைத்த வாசக அட்டவணை உள்ள சபை என்றால் பாதி வேலை முடிந்தது. மூன்று வருடச் சுற்றில் என்ன வருகிறதோ அதை எடுங்கள். உங்களுக்குப் பிடித்த பொருளைவிட்டு உங்களை வெளியே இழுப்பதற்கு அட்டவணையைப்போல உதவுவது வேறில்லை. ஆனால் அதற்கும் ஓட்டைகள் உண்டு. நெகேமியாவிலிருந்து ஞாயிறு வாசகமாக வருவது 8ஆம் அதிகாரம் மட்டுமே. எஸ்றா வேதத்தை வாசிக்க, சனம் அழுகிற அந்தக் காட்சி வருகிறது. அதற்கு முன்னால் அதே சனம் கடனுக்காக அழுத 5ஆம் அதிகாரம் வருவதில்லை. ஆகவே அறுப்பின் பண்டிகையோ, பெண்கள் ஞாயிறோ, உங்கள் சபை சுயமாகப் பகுதி தெரிவுசெய்யும் ஒரு நாளோ பார்த்து இதை வையுங்கள்.

அட்டவணை இல்லாத சபைகளுக்கு ஒரே எச்சரிக்கை: தனி வசனத்தில் தொடங்காதீர்கள். உங்களுக்கு நன்மையையே நினைத்திருக்கிறேன் என்று தேவன் சொல்கிற எரேமியா 29:11 எங்கள் வீட்டுச் சுவர்களிலும் கலண்டர்களிலும் தொங்குகிறது. வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருக்கும் பொடியனுக்கு அதை வாக்குத்தத்தமாக எடுத்துக் கொடுக்கிறோம். முந்தின வசனத்தில் எழுபது வருடம் என்று இருக்கிறது. அதற்கும் முன்னால், இருக்கிற இடத்திலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய அந்தக் கடிதம் முழுவதையும் வாசித்தால் பொடியனுக்குச் சொல்ல வேண்டிய செய்தியே மாறிவிடும்.

செவ்வாய்: பகுதிக்குள் இருந்து பார்த்தல்

விளக்கவுரைகளை மூடிவைத்துவிட்டு, அதிகாரத்தைச் சத்தமாக வாசியுங்கள். பழைய மொழிபெயர்ப்பில் ஒரு தரம், திருவிவிலியத்தில் ஒரு தரம். பிறகு கொப்பியில் எழுதுங்கள்: யார் பேசுகிறார்கள், யாருக்கு வலிக்கிறது, யாருக்கு இலாபம், இதற்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது.

நெகேமியா 5 இப்படி விரியும். பாரசீக ராஜாவின் கீழ் யூதாவுக்கு அதிபதியாக வந்த நெகேமியாவின் தலைமையில் எருசலேமின் இடிந்த மதில் திரும்பக் கட்டப்படுகிறது. 6ஆம் அதிகாரம் அது 52 நாளில் முடிந்தது என்கிறது. பொதுவாக நாங்கள் பிரசங்கிப்பது அந்த மதிலைத்தான்: ஒற்றுமை, உழைப்பு, கட்டட நிதி. ஆனால் மதில் பாதியில் நிற்கும்போதே ஒரு கூக்குரல் எழும்புகிறது. ஆண்கள் மட்டும் அல்ல, அவர்களுடைய பெண்களும் சேர்ந்து முறையிடுகிறார்கள் என்று முதல் வசனமே சொல்கிறது. எதிரிகளைப்பற்றி அல்ல, சொந்தச் சகோதரரைப்பற்றி முறையிடுகிறார்கள்.

மூன்று விதமான சனம் பேசுகிறது. பிள்ளைகள் அதிகம், சாப்பிடத் தானியம் இல்லை என்கிறவர்கள் ஒரு கூட்டம். பஞ்சத்தில் தானியம் வாங்க வயலையும் வீட்டையும் ஈடு வைத்தவர்கள் இன்னொரு கூட்டம். ராஜாவின் வரியைக் கட்டக் கடன் வாங்கியவர்கள் மூன்றாவது. மூன்றாவது கூட்டத்தை அடிக்கோடிடுங்கள். அவர்கள் ஊதாரிகள் அல்லர், அரசுக்குக் கட்ட வேண்டியதைக் கட்டுவதற்காகவே கடன்பட்டவர்கள். எங்கள் பிள்ளைகள் அடிமைகளாகிறார்கள், எங்கள் மகள்மாரில் சிலர் ஏற்கெனவே போய்விட்டார்கள், மீட்க எங்கள் கையில் வலு இல்லை என்கிறார்கள்.

நெகேமியா கோபப்படுகிறான். உடனே கத்தவில்லை, தனக்குள் யோசிக்கிறான். பிறகு பிரபுக்களையும் அதிகாரிகளையும் கடிந்துகொண்டு, பெரிய சபையைக் கூட்டுகிறான். நிலத்தையும் வீட்டையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள், நூற்றில் ஒன்று என்று வாங்குகிறதையும் விடுங்கள் என்கிறான். அது மாத வட்டி என்றே பெரும்பாலும் விளக்குவார்கள். அப்படியானால் வருடத்துக்குப் பன்னிரண்டு வீதம்.

நடுவில் ஒரு வசனம் இருக்கிறது, பத்தாவது. நானும் என் சகோதரரும் என் வேலைக்காரரும்கூட அவர்களுக்குப் பணமும் தானியமும் கடன் கொடுத்திருக்கிறோம் என்கிறான் நெகேமியா. பல தரம் வாசித்தும் கண்ணில் படாமல் போகிற வசனம். இந்தப் பிரசங்கத்தின் அச்சாணி அதில்தான் இருக்கிறது.

புதன், வியாழன்: ஊருக்குள் போதல்

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு ஃபேஸ்புக்கைப் பார்த்து எழுதலாம். அப்படி எழுதுவது யாருடைய ஊருக்கும் பொருந்தும், யாரையும் தொடாது.

முதலில் விஷயத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். நுண்நிதிச் சட்டம் வந்தது 2016இல். 2018இல் நிதிக் கம்பனிகள் கொடுக்கும் நுண்கடன்களுக்கு வருடத்துக்கு 35 வீதம் என்று மத்திய வங்கி உச்ச வரம்பு போட்டது. வரம்பே முப்பத்தைந்து என்றால் அதற்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். அதே வருடம், வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. பிறகு 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்து வேளாண்மை படுத்தது. 2022 ஏப்ரலில் நாடே தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று சொல்லிவிட்டது. நாடு நிறுத்தினாலும் வடக்கில் குடத்தனைக்காரிக்கும் கிழக்கில் கொக்கட்டிச்சோலைக்காரிக்கும் கிழமைத் தவணை நிற்கவில்லை.

அடுத்து ஆட்களோடு கதையுங்கள். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் ஒரு கதை, மேற்கே படுவான்கரையில் வேறு கதை. கரையோரத்தில் வலைக்கும் இயந்திரத்துக்கும் கடன். படுவான்கரையில் விதைநெல்லுக்கும் மருந்துக்கும் கடன், அதை யானை மிதித்துவிட்டுப் போனால் இன்னொரு கடன். சில வீடுகளில் தாய் கட்டாருக்கோ குவைத்துக்கோ போயிருப்பதே பழைய கடனை அடைக்கத்தான். நெகேமியா 5:5இல் மகள்மார் வேறு வீட்டுக்கு அடிமைகளாகப் போனதை இந்த வீடுகளில் இருந்துகொண்டு வாசித்துப் பாருங்கள்.

"உங்களுக்குக் கடன் இருக்கா?" என்று கேட்டால் ஒருவரும் சொல்லமாட்டார்கள். கேட்பதே மரியாதையும் இல்லை. "இந்த நாளையில பொம்பிளையளுக்குக் கிழமையில எந்த நாள் கஷ்டமான நாள்?" என்று கேளுங்கள். "செவ்வாய்க்கிழமை மனே, அண்டைக்குத்தான் கலெக்சன்" என்று பதில் வரலாம். குழுவாகக் கடன் கொடுக்கும் முறையில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். ஆகவே கம்பனிக்காரரைவிடப் பக்கத்து வீட்டுக்காரியின் முகத்துக்குத்தான் அவர்கள் பயப்படுவார்கள். இது அறிக்கைகளை வாசித்து மட்டும் விளங்கிக்கொள்ளும் விஷயமல்ல.

கேட்டதைப் பிரசங்க மேடைக்குக் கொண்டுபோகக் கூடாது. பெயரை விட்டுவிட்டு "நம் சபையில் ஒரு சகோதரி" என்று தொடங்கினால் போதும், எங்கள் ஊர் அளவுக்கு அது பெயர் சொன்னதற்குச் சமம். ஆராதனை முடிந்து வீடு போய்ச் சேருமுன் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். சம்பந்தப்பட்டவர் தானாக வந்து "சொல்லுங்கோ" என்றால்கூட, கணவருக்கும் பிள்ளைகளுக்கும் அது தெரியுமா என்று கேட்டபிறகே சொல்லுங்கள். இட்டுக்கட்டிய கதையை உண்மைக் கதைபோலச் சொல்வது அதைவிட மோசம்.

வெள்ளி: இரண்டும் சந்திக்கும் இடம்

பகுதியும் ஊரும் சந்திப்பதை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். நான் எழுதுவது இது: தேவனுடைய மதிலைக் கட்டுகிற அதே கைகள் சகோதரியின் வீட்டை ஈடாக வாங்கினால், அந்தக் கட்டட வேலையை நிறுத்திவிட்டு முதலில் அவளுடைய முறைப்பாட்டைக் கேட்க வேண்டும்.

இந்த வாக்கியம் சரியா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. நெகேமியா 5ஐ எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறு ஏதாவது நல்ல வசனத்தைப் போட்டாலும் பிரசங்கம் அப்படியே நிற்குமா? நின்றால் நீங்கள் பகுதியைப் பிரசங்கிக்கவில்லை. கடன் கெட்டது, சிக்கனமாய் இருங்கள் என்ற பிரசங்கம் நீதிமொழிகளில் எந்த வசனத்தோடும் போகும். அதற்கு மகளிர் சங்கக் கூட்டத்தில் ஒரு வங்கி உத்தியோகத்தர் வந்து பேசினால் போதும், பிரசங்கி தேவையில்லை.

துணைப் பகுதி ஒன்று வைத்துக்கொள்ளலாம், இரண்டு வேண்டாம். உபாகமம் 24:10, 11 இங்கே நன்றாகப் பொருந்தும். கடன் கொடுத்தவன் அடகை எடுக்க வீட்டுக்குள் போகக் கூடாது, வெளியே நிற்க வேண்டும், கடன் வாங்கியவனே கொண்டுவந்து கொடுப்பான். கலெக்சனுக்கு வருகிறவர் இரவு எட்டு மணிவரை விறாந்தையில் உட்கார்ந்திருப்பதைக் கண்ட சபைக்கு இந்த வசனத்தை விளக்கவே தேவையில்லை. வாசித்துவிட்டுக் கொஞ்சம் நேரம் நில்லுங்கள்.

பன்னிரண்டு வீதத்தையும் முப்பத்தைந்து வீதத்தையும் ஒப்பிட ஆசை வரும். ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோங்கள். அது பிரசங்கத்தின் மையமாகிவிட்டால் கேட்கிறவர்கள் மனக்கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள்.

நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?

இப்போது பத்தாம் வசனத்துக்கு வாருங்கள். கடனைப்பற்றிப் பேசும்போது நாங்கள் தன்னியல்பாக நெகேமியாவின் இடத்தில் நின்றுகொண்டு, தூரத்தில் இருக்கும் கம்பனிகளைக் கடிந்துகொள்கிறோம். அவனோ "நானும்" என்று தன்னையும் சேர்த்துக்கொண்டான்.

சபைக்குள்ளே கைமாற்று வட்டிக்குக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்களா? இருப்பார்கள். அவர்களில் ஒருவர் சபைக் கமிட்டியிலும் இருக்கக்கூடும். மோட்டார் சைக்கிளில் தவணை சேகரிக்கப் போகும் பொடியன் வாலிபர் சங்கத்தில் கிற்றார் வாசிக்கிறவனாக இருக்கலாம். அவனுக்கு அந்த வேலையை விட்டால் வேறு வேலை இல்லை. சேகரிக்காவிட்டால் அவனுடைய சம்பளத்துக்குத்தான் பிரச்சினை. அவனை வில்லனாக்கிப் பிரசங்கித்துவிட்டு, அடுத்த பாட்டுக்கு அவனையே வாசிக்கச் சொல்ல முடியாது. அவனையும் அழுகிறவர்களின் பட்டியலில் சேருங்கள்.

சபை தன் பங்குக்கு என்ன செய்கிறது என்பதும் இதில் அடங்கும். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வெட்கத்துக்காக விலை கேட்டுவிட்டு, பிறகு கடன்பட்டுக் கட்டிய வீடுகள் உண்டு. கட்டட நிதிக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பட்டியல் வாசிக்கும் சபைகள் உண்டு. நெகேமியா தான் அதிபதியாய் இருந்த பன்னிரண்டு வருடமும் அதிபதிக்குரிய படியை வாங்கவில்லை என்று அதே அதிகாரத்தின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. அதை எப்படிச் சொல்வது என்பது உங்கள் சபையைப் பொறுத்தது. ஆனால் கமிட்டியோடு முன்கூட்டியே கதைக்காமல் மேடையில் போட்டு உடைக்காதீர்கள். அது துணிச்சல் மாதிரித் தெரியும், பலன் இருக்காது.

சனி: எழுதுதல்

இருபது நிமிடம் போதும். வெக்கையான மாதங்களில் பதினைந்து.

பகுதியில் தொடங்குங்கள். ஊரில் தொடங்கினால் சனம் ஊரிலேயே நின்றுவிடும். கூக்குரலைச் சொல்லுங்கள், மூன்று கூட்டத்தையும் தனித்தனியாகப் பேசவிடுங்கள், நெகேமியாவைக் கடைசியில் கொண்டுவாருங்கள். ஊரின் பெயரை நீங்கள் சொல்லுமுன் கேட்கிறவர்களே "இது எங்கட கதை" என்று மனதுக்குள் சொல்லியிருக்க வேண்டும். பாதிக்குப் பிறகு ஒரு தரம் மட்டும் செவ்வாய்க்கிழமை என்று சொல்லுங்கள்.

வசனத்தை வேதாகமத் தமிழில் வாசியுங்கள், விளக்கத்தை வீட்டுத் தமிழில் சொல்லுங்கள். எங்கள் பிரசங்கிமார் சிலர் மேடை ஏறியதும் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிப் போதகர்களின் குரலை எடுத்துக்கொள்கிறார்கள். ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆரையம்பதியில் பிறந்தவருக்குப் பேச ஆரையம்பதித் தமிழ் இருக்கிறது.

பேரிடருக்குப் பிந்திய ஞாயிறு

மேலே சொன்ன கிரமம் ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் உதவாது. 1978 நவம்பர் 23 சூறாவளி, 2004 டிசம்பர் 26 சுனாமி, 2019 ஏப்ரல் 21 மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பு. மூன்றையும் பார்த்த வயோதிபர்கள் இங்கே வாங்கில் இருக்கிறார்கள். பின்னைய இரண்டும் ஞாயிற்றுக்கிழமைகள். ஒன்று கிறிஸ்மஸுக்கு மறுநாள், மற்றது உயிர்த்த ஞாயிறு. சீயோனில் இறந்தவர்களில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் பலர்.

அப்படிப்பட்ட நேரத்தில் ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல நாக்குத் துடிக்கும். லூக்கா 13:1-5 அதற்குப் பூட்டுப் போடுகிறது. பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்ற செய்தியை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். வழிபாட்டு இடத்தில் சிந்திய இரத்தம். இயேசு அதோடு இன்னொன்றைச் சேர்க்கிறார்: சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தது. ஒன்று மனிதன் செய்தது, மற்றது தானாக விழுந்தது. செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்ற கேள்விக்கு இரண்டு தரமும் ஒரே பதில்தான்: "அப்படியல்லவென்று உங்களுக்குச் சொல்லுகிறேன்." ஏன் நடந்தது என்று அவர் விளக்கவில்லை. உயிரோடு இருக்கிறவர்களின் பக்கம் திரும்புகிறார். அதைத் தொடர்ந்து வரும் அத்திமர உவமையில் தோட்டக்காரன் இன்னும் ஒரு வருடம் கேட்கிறான், கொத்தி எருப் போடுகிறேன் என்கிறான்.

முதல் ஞாயிறில் இதைக்கூட நீட்ட வேண்டாம். சங்கீதம் 88ஐ முழுமையாக வாசியுங்கள். அது ஆறுதலோடு முடிவதில்லை, இருளோடு முடிகிறது. அன்றைக்கு அதுவே உண்மையாக இருக்கும். இறந்தவர்களின் பெயர்களைச் சொல்லி ஜெபியுங்கள். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய்திறக்காமல் இருந்ததுவரைக்கும் நல்லவர்களாகவே இருந்தார்கள். தப்பியவர்களைச் சாட்சி சொல்லக் கூப்பிடாதீர்கள்.

வருட நினைவு நாளில் பேசுவது வேறு. அங்கே நீதியின் கேள்வி வந்தே ஆகும். 2019 தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்படியான விஷயங்களைத் தெரிந்துகொண்டு, நியாயம் தண்ணீரைப்போலப் புரண்டுவரட்டும் என்கிற ஆமோஸ் 5:24ஐ எடுங்கள். தெரியாமல் எடுத்தால் அது வெறும் வாய்ப்பாடு.

பக்கத்து ஊரைப்பற்றிப் பேசும்போது

நல்ல சமாரியன் கதையை, முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடிக்கும் ஏறாவூருக்கும் கல்முனைக்கும் பக்கத்தில் இருந்து பிரசங்கிப்பது சுலபமல்ல. அதனாலேயே லூக்கா 10இல் தொடங்காமல் 9:52இல் தொடங்குங்கள். யூதரோடு பகையாயிருந்த சமாரியரின் கிராமம் ஒன்று இயேசுவை ஏற்றுக்கொள்ளவில்லை. யாக்கோபும் யோவானும், வானத்திலிருந்து அக்கினி இறங்கட்டுமா என்று கேட்கிறார்கள். கேட்டது சீஷர்கள். அதற்குப் பிறகுதான் சமாரியன் கதை வருகிறது. நியாயசாஸ்திரி ஒருவனுக்குச் சொன்ன அந்தக் கதை, அக்கினி இறங்கட்டுமா என்று கேட்ட சீஷர்களின் காதுக்கும்தான் என்று காட்டிவிட்டால், 2019க்குப் பிறகு நாங்கள் என்னென்ன கேட்டோம் என்று சபையே யோசிக்கும்.

இரண்டு பக்கமும் காயம் இருக்கிறது என்று தெரிந்தே பேசுங்கள். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஒன்றைச் சொல்லி மற்றதை விடுகிற பிரசங்கி, லூக்காவின் கதையில் விலகிப்போன ஆசாரியனின் வழியில்தான் போகிறார்.

தேர்தல் காலத்தில் வேட்பாளர் பெயர் வேண்டாம். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஞாயிறும் அதற்குப் பிறகும்

நெகேமியா பேச்சோடு நிறுத்தவில்லை. ஆசாரியரைக் கூப்பிட்டு ஆணையிடுவித்தான். உங்கள் பிரசங்கத்துக்குப் பிறகும் ஏதாவது ஒரு கதவு திறந்திருக்க வேண்டும். கணக்குத் தெரிந்த ஒருவர், வங்கியில் வேலை செய்தவர் என்றால் இன்னும் நல்லது, செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஞாயிறு பாடசாலை மண்டபத்தில் இருந்து கடன் ஒப்பந்தத்தை வாசித்து விளக்கலாம். தமிழில் இல்லாத படிவத்தில் கையெழுத்து வைத்தவர்களுக்கு அதுவே பெரிய உதவி. சபை கடனை அடைத்துத் தரும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

வாசலில் கைகுலுக்கும்போது "நல்ல பிரசங்கம்" என்று சொல்வார்கள். அதை வைத்து எதையும் கணக்குப் போட முடியாது. இரண்டு மூன்று நாள் கழித்து ஒருவரிடம், என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேளுங்கள். கிற்றார் வாசிக்கும் பொடியன் அடுத்த கிழமை வராவிட்டால் வீட்டுக்குப் போங்கள். அதே பிரசங்கத்தை வேறு சபைக்கும் கொண்டுபோவதென்றால் புதனும் வியாழனும் செய்த வேலையை அங்கேயும் திரும்பச் செய்ய வேண்டும். அம்பாறையின் திருக்கோவில் ஊர்க் கடற்கரையில் கலெக்சன் வேறு நாளில் இருக்கலாம், கடன் கொடுக்கிறவரும் மீன் முதலாளியாக இருக்கலாம்.